மறதியா, அலட்சியமா? நடத்தை அறிவியலைக் களத்தில் பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

தூறல்:
ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி எழுதித் தரும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. தேதி வாங்கியவர்களில் பலர் வருவதே இல்லை. "எல்லாம் அலட்சியம்தான்" என்று அங்கே அடித்துச் சொன்னார்கள். வராதவர்களையே போனில் கூப்பிட்டுக் கேட்டோம். பலர் தேதியை மறந்திருந்தார்கள். இன்னும் சிலர் வர முடியாது என்று சொல்லப் போன் செய்திருக்கிறார்கள், யாரும் எடுக்கவில்லை! இதை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது? செய்தியில் தேதி, நேரம், அறை எண் மூன்றையும் முதல் வரியிலேயே போட்டோம். வர இயலாதவர்கள் ஒரே ஓர் எண்ணை அழுத்திப் பதில் அனுப்பினால் போதும் என்று வைத்தோம்.

லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனைகளில் நடந்த சோதனை 2015இல் வெளியானது. ஒருவர் வராமல் போனால் ஆகும் செலவைத் தொகையாகவே குறிப்பிட்டு அனுப்பியபோது, வராதோர் விகிதம் 11.1இலிருந்து 8.4 சதவீதமாக இறங்கியது. எங்கள் செய்தியில் அந்த வரியைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நோயோடு இருப்பவரிடம் செலவுக் கணக்கு பேசினால் அது குற்றச்சாட்டாகக் கேட்கும்.

கூழாங்கல்:
நான் பார்த்ததும் இதே கதைதான், ஆனால் விண்ணப்பப் படிவத்தில். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்தவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். பெரும்பாலோரின் பேனா ஒரே இடத்தில் நின்றது: குடும்பத்தின் ஆண்டு வருமானம். அன்றாடக் கூலி வாங்குகிறவர் எதை எழுதுவார்? தப்பாக எழுதிவிட்டால் வம்பாகிவிடுமோ என்ற பயத்தில் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். விழிப்புணர்வுத் துண்டறிக்கை இந்தப் பயத்தைப் போக்காது.

அமெரிக்காவில் வரிக் கணக்கு தயாரிக்கும் அலுவலகங்களிலேயே கல்லூரி நிதியுதவிப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு: அப்படி உதவி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளில் இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28இலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற குடும்பங்களில் அப்படி எந்த உயர்வும் தெரியவில்லை. அதனால் பிரசாரத்துக்குப் பணம் ஒதுக்கும்போதெல்லாம், படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வளர்பிறை:
இரண்டுமே அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். அதிகாரிகளிடம் பெரிய எண்களை வாக்குக் கொடுக்காதீர்கள். டெல்லாவிக்னா, லினோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்விதழ்களில் வந்த 'நட்ஜ்' (கட்டாயப்படுத்தாமல் மெல்லத் தூண்டும் சிறு மாற்றம்) சோதனைகளின் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. இத்தகைய மாற்றங்களைச் சோதிக்கும் அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் அமைப்புகள் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனைகளில் அது 1.4தான். பலன் தராதவை இதழ்களில் வராமலே போவது இதற்கு முக்கியக் காரணம். செலவே இல்லாத ஒரு மாற்றத்துக்கு 1.4 நல்ல பலன்தான். ஆனால் அதைக் காட்டி மருத்துவர் பற்றாக்குறையை மூடி மறைத்தால் நான் சண்டைக்கு நிற்பேன்.

தூறல், வர முடியாது என்று பதில் போட்டவர்களுக்கு அடுத்து என்ன ஆயிற்று?

தூறல்:
காலியான நேரம் காத்திருந்த அடுத்தவருக்குப் போனது, வளர்பிறை. பதில் போட்டவர்களில் நிறையப் பேர் வேறு தேதி கேட்டார்கள். அதே செய்தியிலேயே மாற்றுத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதிக்கான வேலை இப்போது நடக்கிறது.