பிஜிசிஇ முடிச்சா எம்.ஏ. எதுக்கு? ராஜன் சாருக்கு ஒரு பதில்

வெம்பிளி வாணி
பிஜிசிஇ-ன்னா இங்கிலாந்தில் பட்டதாரிங்க ஆசிரியராக ஒரு வருஷம் படிக்கிற பயிற்சிச் சான்றிதழ். அதைப் பத்தி பக்கத்து இழையில் ஹாரோ ராஜன் எழுதினதை அப்படியே எடுத்துப் போடுறேன்:

//பிஜிசிஇ முடிச்சாலே பாதி மாஸ்டர்ஸ் முடிச்ச மாதிரிதான். அதுக்கப்புறம் இங்கிலீஷ், மீடியா, டிராமான்னு டீச்சருங்க எம்.ஏ. போறது காசுக்குப் பிடிச்ச கேடு.//

படிச்சுட்டு சும்மா இருக்க முடியலை. பாதின்னு எந்தக் கணக்குல சொல்றீங்க சார்? இங்கிலாந்தில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பிஜிசிஇ-க்குக் கொடுக்கிறது 60 கிரெடிட், அதாவது படிப்பு அளவுக்கான புள்ளி. முதுகலைக்கு 180 வேணும். மூணில் ஒரு பங்கு. கணக்கு டிபார்ட்மென்ட் ஹெட்டுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கு.

அந்த 60-ம் எப்படி வருதுன்னு பயிற்சி ஆண்டைக் கடந்தவங்களுக்குத் தெரியும். 120 நாள் பள்ளிக்கூடத்தில் நிக்கணும். மிச்ச நேரத்தில் கட்டுரை. மறுநாள் காலைல முதல் பீரியடுக்கு என்ன பண்றதுன்னு தெரியாம ராத்திரி முழிச்சிட்டிருக்கிற ஆள் எங்கே உட்கார்ந்து படிக்கிறது? நான் நாலு பக்கம் நிதானமா படிச்சதே எம்.ஏ. சேர்ந்த பிறகுதான்.

ஹாரோ ராஜன்
பாதியோ மூணில் ஒண்ணோ, பேச்சு அது இல்லை. அந்த 60 கிரெடிட் லெவல் 7, அதாவது முதுகலைத் தரம். எம்.ஏ.-வும் லெவல் 7. ஒரே லெவல். ஆமாவா இல்லையா?

இன்னொண்ணு. இங்கிலாந்து ஆசிரியர் சம்பள அட்டவணையில் எம்1-லிருந்து எம்6 வரைக்கும் ஆறு படியையும் பாருங்க. எம்.ஏ. வெச்சிருந்தா இவ்வளவு கூடன்னு எங்கயாவது ஒரு வரி இருக்கா? இல்லாத ஒண்ணுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கட்டச் சொல்லி சின்னப் பிள்ளைங்களை ஏத்திவிடாதீங்க.

ஈஸ்ட்ஹாம் குமரன்
ராஜன் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. எல்லா பிஜிசிஇ-யும் லெவல் 7 இல்லை. லெவல் 6-லயும், எண்டா இளங்கலைத் தரத்திலயும், ஒரு பிஜிசிஇ இருக்கு, அதிலயிருந்து எம்.ஏ.-க்கு ஒரு கிரெடிட்டும் வராது. அதைவிட கியூடிஎஸ் எண்டது வேற சாமான். அது படிப்பிக்கிற தகுதி, பிஜிசிஇ கல்விச் சான்றிதழ். கியூடிஎஸ் மட்டும் எடுத்துப்போட்டு பிஜிசிஇ இல்லாமல் படிப்பிக்கிற ஆக்களும் இருக்கினம். எதைப் பற்றிக் கதைக்கிறம் எண்டு முதல்ல ஒரு முடிவுக்கு வருவமே?

ஹாரோ ராஜன்
குமரன், அதெல்லாம் அப்புறம். அந்த 60 லெவல் 7-ஆ இல்லையா, அவங்க சொல்லட்டும்.

வெம்பிளி வாணி
லெவல் 7தான். யார் இல்லைன்னா? அதுல 60 தான் இருக்கு, 120 பாக்கி. அந்த 120-ல என்ன இருக்குன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?

சொல்றேன். இங்கிலாந்து தேசியப் பாடத்திட்டத்தில் நாடகம் தனிப் பாடமே இல்லை. ஆங்கிலத்துக்குள்ள ஒரு மூலையில் இருக்கு. மீடியாவுக்கு அந்த மூலைகூட கிடையாது. ஆனா பள்ளிக்கூடத்தில் ரெண்டும் நடக்குது. யார் எடுக்கிறாங்க? இங்கிலீஷ்ல பட்டம் வாங்கின நாங்கதான். டைம்டேபிள்ல ஓட்டை விழுந்தா "உனக்கு ரெண்டு பீரியட் மீடியா"ன்னு தலையில் கட்டுவாங்க. 18 வயசில் எழுதுற ஏ-லெவல் மீடியாவில் 30% மார்க் பிள்ளைங்க தாங்களே எடுக்கிற படைப்புக்கு. 16 வயசில் எழுதுற ஜிசிஎஸ்இ நாடகத்தில் எழுத்துத் தேர்வு 40% தான், மீதி 60% நாடகத்தை உருவாக்கி நடிக்கிறதுக்கும் அதைப் பத்தின குறிப்புக்கும். இலக்கியத்தை வரி வரியா பிரிக்கப் படிச்ச ஆள் இதுக்கு எப்படி மார்க் போடுவார்? எதை நல்லதுன்னு சொல்வார்? பயிற்சி ஆண்டில் இதெல்லாம் ஓடிப்போற ஒண்ணு ரெண்டு செஷன்.

என் இயர் 9 வகுப்பில் ஒரு பையன். ருமேனியாவிலிருந்து வந்து சேர்ந்தவன். வாயே திறக்க மாட்டான். ஷேக்ஸ்பியர் நாடகம் ஆரம்பிக்கிற அன்னைக்கு மேசையெல்லாம் சுவரோரம் தள்ளிட்டு பிள்ளைங்களை ரெண்டு வரிசையா எதிரெதிரா நிக்க வெச்சேன். கான்ஷியன்ஸ் ஆலின்னு சொல்வாங்க. நடுவுல அவன் நடக்கணும். அவன்தான் ராஜாவைக் கொல்லப் போற தளபதி. ஒரு வரிசை கொல்லச் சொல்லும், இன்னொண்ணு வேண்டாங்கும், ஆளுக்கொரு காரணம் காதுக்குள்ள. மெதுவா நடந்து கடைசிக்கு வந்தான். என்ன முடிவுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துட்டு, "ஹீ இஸ் இன் மை ஹவுஸ், மிஸ்"னான்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொல்லலாமா. நாடகத்தில் அந்தத் தளபதி தயங்கி நின்னு சொல்ற காரணங்களில் அதுவும் ஒண்ணு. பையன் புத்தகத்தை இன்னும் திறக்கவே இல்லை. அந்தப் பதிலைப் பிடிச்சு அங்கிருந்து வசனத்துக்குள்ள எப்படி இறங்குறதுன்னு எனக்கு எம்.ஏ.-தான் கத்துக்கொடுத்தது.

ஹாரோ ராஜன்
வகுப்பு நல்லா போனதில் சந்தோஷம். ஆனா கான்ஷியன்ஸ் ஆலி பிஜிசிஇ-யிலேயே சொல்லித்தர்ற விஷயம். என் மனைவி இங்கிலீஷ் டீச்சர், அவங்களும் எம்.ஏ. இல்லாமதான் அதைச் செய்றாங்க. அப்போ அது அந்த 60-க்குள்ளயே வந்துடுச்சு. நான் சொன்னதுக்கு நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க.

வெம்பிளி வாணி
விளையாட்டைச் சொல்லித்தருவாங்க சார். எங்கே நிறுத்தணும், எப்போ பொய்யாகுது, ஆசிரியரே ஒரு பாத்திரமா உள்ள இறங்கினா வகுப்பில் அதிகாரம் எப்படிக் கைமாறுது, இதையெல்லாம் பேச நேரம் கிடையாது. நாடகக் கல்வி முன்னோடி டொரதி ஹீத்கோட் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் செஞ்ச வேலையே அதுதான். பிள்ளைங்களை நிபுணர்களா நிறுத்தி, "இந்தப் பிரச்சினைக்கு உங்க கம்பெனி என்ன பண்ணும்"னு கேட்கிற முறை அவங்களோடது. பிஜிசிஇ-யில் அவங்க பேர் ஒரு ஸ்லைடுல வந்து போச்சு. அவ்வளவுதான்.

ஹாரோ ராஜன்
அப்படி வாங்க. ஹீத்கோட் 14 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டு யார்க்‌ஷயர் கம்பளி ஆலைக்கு நெசவு வேலைக்குப் போனவங்க. அப்புறம் நாடகப் பள்ளி. அவங்க எந்த எம்.ஏ. படிச்சாங்க? நாடகக் கல்விக்கே தாய் மாதிரின்னு நீங்க கும்பிடுறவங்ககிட்டயே அந்தக் காகிதம் கிடையாது. நீங்க எங்களுக்கு 180 கணக்குச் சொல்றீங்க.

ஈஸ்ட்ஹாம் குமரன்
இது நல்ல கேள்வி.

வெம்பிளி வாணி
நல்ல கேள்வியாம்! அந்த அம்மாகிட்ட படிக்க அமெரிக்காவிலிருந்தெல்லாம் அனுபவமுள்ள ஆசிரியர்கள் கிளம்பி வந்தாங்க குமரன். எதுக்கு வந்தாங்க? வகுப்பை விட்டு விலகி நின்னு ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்க. அதைத்தான் நான் இங்கே தொண்டை வத்தக் கத்திட்டிருக்கேன். அவங்க மேதை. நான் சாதாரண டீச்சர், எனக்குப் படிப்பு வேணும்.

கார்டிஃப்காரன்
வேல்ஸில் 2022-ல் தேசிய எம்.ஏ. கல்வின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தகுதி இருக்கிற ஆசிரியர்களுக்கு அரசு பணம் கொடுத்துச்சு. பிரயோஜனம் இல்லாததுக்கா கொடுப்பாங்க? இங்கிலாந்தும் 2010-ல் ஆசிரியர்களுக்குன்னே ஒரு மாஸ்டர்ஸ் கொண்டு வந்துச்சு. ஆட்சி மாறினதும் பணத்தை நிறுத்திட்டாங்க. பின்லாந்தில் மாஸ்டர்ஸ் இல்லாம பள்ளி ஆசிரியராவே ஆக முடியாது.

ஹாரோ ராஜன்
பின்லாந்தை இழுக்காம ஒரு கல்வி இழையும் முடியாது போல. அங்கே படிப்பு இலவசம் தம்பி. இங்கே கைக்காசு. வேல்ஸ் கதை வேல்ஸோட. இங்கிலாந்தில் அந்த 60 லெவல் 7. அது மேல நிக்கிறேன்.

தாம்பரம் டீச்சர்
வணக்கம். நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துச் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் இன்டர்நேஷனல் பிஜிசிஇ படித்தால் லண்டன் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைக்கும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கட்டணம் எனக்குப் பெரிய தொகை. யாராவது விளக்க முடியுமா?

வெம்பிளி வாணி
//அது மேல நிக்கிறேன்//

நில்லுங்க. நிக்கிற இடம் எவ்வளவு அகலம்னு காட்டுறேன். அந்த 60-ஐ எடுத்துட்டு எம்.ஏ.-யில் நேரா மிச்ச 120-க்கு மட்டும் சேர்ந்தா அரசின் முதுகலைக் கடன் கிடையாது. முழு 180-க்குப் புதுசா சேர்ந்தாத்தான் கடன். அதோட பழைய கிரெடிட்டை எத்தனை வருஷம் வரைக்கும் எடுத்துப்பாங்கன்னு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு கெடு வெச்சிருக்கு. பாதி முடிச்சாச்சுன்னு நீங்க சொல்றதை நம்பி ஒரு சின்னப் பொண்ணு அஞ்சாறு வருஷம் கழிச்சுப் போய் நின்னா, அந்த 60 கைல இல்லாமலும் போகலாம். அதுதான் எனக்குக் கோபம்.

ஹாரோ ராஜன்
ஆக, அரசே கடன் கொடுக்க யோசிக்குது. எவ்வளவு மதிப்பு இருக்குன்னு அதிலேயே தெரியலையா?

உங்களுக்குக் கோபம் இதுல இல்லை வாணி. போன வருஷம் 11 பிளஸ், அதான் கிராமர் பள்ளி நுழைவுத் தேர்வு, அந்த இழையில் ஆரம்பிச்சது. டியூஷன் வைக்கிற பெத்தவங்க எல்லாம் பிள்ளைங்களை வதைக்கிறாங்கன்னு எழுதினீங்க. அன்னைக்கும் நான் நம்பரோட பேசினேன், நீங்க கதையோட பேசினீங்க.

வெம்பிளி வாணி
11 பிளஸ் எதுக்கு இங்கே? சரி, நீங்களே எடுத்தீங்க. பத்து வயசுப் பிள்ளை சனி ஞாயிறு முழுக்க வெர்பல் ரீசனிங் தாள் போடுது, ஒரு கதைப் புத்தகத்தைச் சத்தமா வாசிக்க வராது. அந்தப் பிள்ளைதான் ஏழாம் வகுப்பில் என்கிட்ட வருது. 2014-லிருந்து பேச்சு, கேட்டல் மார்க்கை ஜிசிஎஸ்இ ஆங்கில கிரேடிலிருந்து எடுத்துட்டாங்க. தனியா ஒரு சான்றிதழ் குறிப்பு மட்டும் வரும். மார்க் இல்லாததுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நேரம் கொடுக்கும்? நாடகம் இல்லைன்னா அந்தப் பிள்ளை எங்கே பேசும்? பள்ளிக்கூடங்களை மதிப்பிட 2010-ல் கொண்டு வந்த இபேக் பாடப் பட்டியல்லயும் கலைப் பாடம் ஒண்ணுகூடச் சேர்க்கலை. எங்க துறையை நாலு பக்கமும் நறுக்கிட்டிருக்காங்க. அதுல நின்னு பாடம் எடுக்கிறவங்களுக்கு மேல படிக்கவும் கூடாதாம்.

ஈஸ்ட்ஹாம் குமரன்
வாணி அக்கா, உங்கட கோவம் விளங்குது. ஆனா பேச்சு மார்க் எடுத்ததுக்கும் எம்.ஏ.-க்கும் என்ன தொடர்பு? எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பிள்ளையள் வருசா வருசம் நாடகம் போடுதுகள். பழக்கிறது ஒரு அக்கவுண்டன்ட். எம்.ஏ. இல்லை, பிஜிசிஇ-யும் இல்லை. நல்லாத்தான் செய்யுதுகள்.

வெம்பிளி வாணி
வசனத்தை மனப்பாடம் பண்ணி மைக் முன்னாடி ஒப்பிக்கிறது நாடகக் கல்வி இல்லை குமரன். மன்னிக்கணும், அதை நானும் வந்து பார்த்திருக்கேன்.

ஈஸ்ட்ஹாம் குமரன்
ஓ, அப்பிடியோ. வாற முறை அழைப்பிதழ் அனுப்பேல்லை எண்டு குறை நினைக்காதேங்கோ. சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் வந்து பழக்கிற மனிசன் அவர்.

கார்டிஃப்காரன்
அக்கா, அது தேவையில்லாத பேச்சு.

வெம்பிளி வாணி
தேவையோ இல்லையோ, உண்மை. அவர் உழைப்பை நான் குறை சொல்லலை. அந்தப் பிள்ளைங்க ஒரு தடவை சொந்தமா ஒரு காட்சியை உருவாக்கட்டும்னுதான் சொல்றேன். அதுக்கு வழி நடத்துறவருக்குப் பயிற்சி வேணும்.

தாம்பரம் டீச்சர்
மன்னிக்கவும், என் கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் நல்லது. ஏஜென்ட் இந்த வாரமே பணம் கட்டச் சொல்கிறார்.

ஈஸ்ட்ஹாம் குமரன்
தங்கச்சி, கட்டாதேங்கோ. இன்டர்நேஷனல் பிஜிசிஇ-யில கியூடிஎஸ் வராது. இஞ்ச அரச பள்ளிக்கூடங்கள் முக்கியமாக் கேக்கிறது கியூடிஎஸ். 2023 பெப்ரவரியில இந்தியாவில தகுதி பெற்ற ஆசிரியர்களும் நேர கியூடிஎஸ்-க்கு விண்ணப்பிக்கலாம் எண்டு ஒரு வழி திறந்தவை. அதுவும் கணிதம், விஞ்ஞானம், பிறமொழி, 11 முதல் 16 வயதுப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆக்களுக்கு எண்டுதான் திறந்தவை. ஆங்கிலம் அதுக்குள்ள இல்லை. விதி மாறியிருக்கலாம், அரசாங்கத்தின்ர தளத்தில நீங்களே ஒருக்காப் பாருங்கோ. ஏஜென்ட் சொல்லுறதை நம்பாதேங்கோ.

ஹாரோ ராஜன்
பார்த்தீங்களா, அரசுக்கு எந்தப் பாடத்துக்கு ஆள் வேணும்னு. கணக்கு, சயின்ஸ். நாடகம் இல்லை, மீடியா இல்லை.

வெம்பிளி வாணி
தாம்பரம் டீச்சர், குமரன் சொல்றது சரி, கட்டாதீங்க. உங்க எம்.ஏ., பி.எட்.-டைக் குறைச்சு மதிப்பிடவும் செய்யாதீங்க. உங்களுக்கு நாடகமோ மீடியாவோ ஆழமாப் படிக்க ஆசை இருந்தா, வேலைக்கான படிப்பு வேற, இது வேறன்னு பிரிச்சு வெச்சு யோசிங்க. தனி மடல் போடுங்க, நான் படிச்சதைச் சொல்றேன்.

ராஜன் சார், அரசுக்கு எது வேணும்ங்கிறதை அளவுகோலா வெச்சீங்கன்னா பேச ஒண்ணுமே இல்லை. உங்க மக ஜிசிஎஸ்இ-க்கு நாடகம் எடுக்க அழுதான்னும், நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டு விட்டீங்கன்னும் பெருமையா இதே தளத்தில் எழுதினது நீங்கதான்.

ஹாரோ ராஜன்
என் மகளை இழுக்க வேண்டாம். அவ உச்ச கிரேடான 9 வாங்கினா. 60 கிரெடிட்டுக்குப் பதில் சொல்ல முடியாதவங்க வீட்டு விஷயத்துக்கு வருவாங்க, அது எனக்குப் பழக்கம்தான்.

வெம்பிளி வாணி
எழுதினது நீங்க, படிச்சது நான். 60-க்குப் பதில் மேலே நாலு தடவை இருக்கு. மறுபடி வேணும்னா மறுபடி எழுதுறேன், நாளைக்கு எனக்கு முதல் பீரியட் ஃப்ரீ.