விண்டோஸ் 11-ல இருந்து 10-க்கு இறங்கலாமா? எம்ப்ராய்டரி டாங்கிள் வேலை செய்யல

வண்ணை_மல்லிகா:

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட் வச்சிருக்கேன். கல்யாண பிளவுஸும் ஸ்கூல் பேட்ஜும்தான் முக்கியமான வேலை. டிசைன் போடுற பழைய லேப்டாப்ல மதர்போர்டு போயிடுச்சு. புதுசு வாங்கியிருக்கேன்: ஐ5, 13-வது ஜெனரேஷன், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஹோம் அதுலயே போட்டு வந்தது.

டிசைன் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகுது. ஆனா டாங்கிளைச் (சாஃப்ட்வேர் திறக்க யுஎஸ்பி-ல சொருகுற லைசென்ஸ் சாவி) சொருகினா லைட் எரியல. சாஃப்ட்வேரைத் திறந்தா டாங்கிள் இல்லைன்னு சொல்லி மூடிக்குது. பக்கத்துக் கடைத் தம்பியோட விண்டோஸ் 10 லேப்டாப்ல சொருகிப் பார்த்தேன், லைட் எரியுது. அதனால டாங்கிள் நல்லாத்தான் இருக்கு.

இருக்கிற டிஎஸ்டி ஃபைலை (எம்ப்ராய்டரி மெஷினுக்குக் கொடுக்கிற தையல் ஃபைல்) வச்சு ஓட்ட வேண்டியதுதானேன்னு கேக்காதீங்க. அதுல ஊசி எங்க குத்தணும், எங்க தாவணும், எங்க நிக்கணும் இவ்வளவுதான் இருக்கும். நூல் கலர்கூட இருக்காது. ஒருத்தங்களுக்கு கழுத்து அரை இன்ச் பெருசு வேணும்னா டிஎஸ்டியை இழுத்துப் பெருசாக்க முடியாது, தையல் இடைவெளி விட்டு துணி தெரிஞ்சிடும். ஒரிஜினல் ஃபைலைத் திறந்துதான் மாத்தணும். அதுக்கு டாங்கிள் வேணும். ஆவணி முகூர்த்த ஆர்டர் எல்லாம் கையில நிக்குது.

லேப்டாப் கடையில 10 போட்டுத் தரேன்னு சொல்றாங்க. போடலாமா? லைசென்ஸ் போயிடுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராயபுரம்_டேவிட்:

செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி போங்க அக்கா. அங்க ‘கோ பேக்’னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா பழைய விண்டோஸுக்கே போயிடும், ஃபைல் எதுவும் போகாது. 10 நாளுக்குள்ள பண்ணணும்.

லோகு_பெரம்பூர்:

டேவிட் தம்பி சொன்னது 10-ல இருந்து 11-க்கு ஏத்தின மெஷினுக்குப் பொருந்தும். ஏத்தும்போது பழைய விண்டோஸை ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டர்ல வச்சிருக்கும், ‘கோ பேக்’ அதைத்தான் திருப்பிப் போடும். மல்லிகா அக்கா லேப்டாப் 11-ஓடயே வந்தது. திரும்பிப் போக அங்க ஒண்ணுமே இல்ல. மொத்தமா அழிச்சுட்டு 10-ஐப் புதுசா போடணும்.

அக்கா, அந்த வேலைக்கு இப்பவே போகாதீங்க. நான் லேப்டாப் சர்வீஸ்ல இருக்கேன். ‘10-ல ஓடுது, 11-ல ஓடல’ன்னு வர்ற டாங்கிள் கேஸ்ல முதல்ல நான் பார்க்கிறது ‘மெமரி இன்டெக்ரிட்டி’ங்கிற பாதுகாப்பு. புது விண்டோஸ் 11 லேப்டாப்ல அது ஆன்லயே வரும். டாங்கிளை விண்டோஸோட பேச வைக்கிற சின்ன சாஃப்ட்வேர்தான் டிரைவர்; பழைய டிரைவர் அந்தப் பாதுகாப்போட விதிக்கு ஒத்து வரலைன்னா விண்டோஸ் அதை ஏத்தவே ஏத்தாது. டிரைவர் ஏறலைன்னா டாங்கிள் லைட் எரியாது. உங்க பழைய லேப்டாப்ல இது அனேகமா ஆஃப்ல இருந்திருக்கும்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் டீடெயில்ஸ் போங்க. மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் டாங்கிளைச் சொருகுங்க. லைட் எரிஞ்சா காரணம் கிடைச்சாச்சு. ஆனா அதோட விட்டுடாதீங்க. அந்தப் பாதுகாப்பு வேணும், முக்கியமா ஜிஎஸ்டியும் பேங்க்கும் அதே லேப்டாப்ல பார்க்கிறீங்கன்னா. டாங்கிள் தயாரிச்ச கம்பெனியோட சைட்ல விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருக்கான்னு பாருங்க. டிசைன் சாஃப்ட்வேர் சிடியில வந்த டிரைவர் பழசு, அதை எடுத்துட்டுப் புதுசைப் போட்டு, மெமரி இன்டெக்ரிட்டியைத் திரும்ப ஆன் பண்ணுங்க.

அதுக்கும் அசையலைன்னா 10-ஐ யோசிக்கலாம். ஆனா தெரிஞ்சு இறங்குங்க. ஓஇஎம் லைசென்ஸ்ல, அதாவது லேப்டாப்போடயே வர்ற லைசென்ஸ்ல, கீழ் வெர்ஷனுக்குப் போற உரிமை ப்ரோ எடிஷனுக்குத்தான், ஹோமுக்கு இல்ல. கடையில ஆக்டிவேட் பண்ணித் தரேன்னு ஏதாவது கிராக்கை (லைசென்ஸை ஏமாத்துற திருட்டு புரோகிராம்) ஏத்தினா வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. தனியா பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு செக்யூரிட்டி அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைன்னு அறிவிச்சாங்க. உங்க ப்ராசஸர்ல ரெண்டு வகை கோர் இருக்கு. எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுக்கணும்னு பிரிக்கிறதுல 11-தான் கெட்டி.

10-ஐ இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்கே காட்டலைன்னு சில பேர் பயந்துடுவாங்க. 11-வது ஜெனரேஷன்ல இருந்து பல இன்டெல் லேப்டாப்ல விஎம்டின்னு ஒரு ஸ்டோரேஜ் செட்டிங் பயாஸ்ல (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) ஆன்ல இருக்கும், அதுக்கான ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவ்ல வச்சு லோடு பண்ணணும். வைஃபையும் முதல்ல வராமப் போகலாம், போனைக் கேபிள்ல இணைச்சு யுஎஸ்பி டெதரிங்ல நெட் எடுத்துக்கலாம்.

எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ஒண்ணு பண்ணிடுங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் பண்ணியிருந்தா டிஸ்க் தானா என்கிரிப்ட் (பூட்டு) ஆகியிருக்கலாம். அப்படின்னா பயாஸ்ல கை வச்சா 48 இலக்க ரிகவரி கீ கேட்கலாம். அந்த அக்கவுன்ட்ல போய் கீயை எடுத்துப் பேப்பர்ல எழுதி வைங்க. டிசைன் ஃபைல் எல்லாம் வெளி ஹார்ட்டிஸ்க்ல ஒரு காப்பி இருக்கட்டும். பல வருஷம் உட்கார்ந்து போட்ட டிசைன், போனா திரும்ப வராது.

திருவொற்றியூர்_ஜான்சி:

லோகு அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். எங்க ஆபீஸ்ல பழைய பிளாட்டர் (பெரிய வரைபடம் போடுற மெஷின்) ஒண்ணு இருக்கு, அதுக்கு 32-பிட் டிரைவர் மட்டும்தான். விண்டோஸ் 11-ல 32-பிட் பதிப்பே கிடையாது, 64-பிட் மட்டும்தான், அதனால அங்க எந்த செட்டிங்ஸை மாத்தியும் பிரயோஜனம் இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி, 32-பிட் விண்டோஸ் 10 போட்டு, நெட்டே கொடுக்காம அந்த ஒரு வேலைக்கு மட்டும் வச்சிருக்கோம். ஃபைல் பென்டிரைவ்ல போய் வரும். புது லேப்டாப்பைக் கெடுக்கிறதை விட இது எவ்வளவோ மேல். மல்லிகா அக்கா, உங்க டாங்கிள் டிரைவர் 64-பிட்ல இருக்கான்னு முதல்ல கேளுங்க.

வண்ணை_மல்லிகா:

லோகு அண்ணா, ரொம்ப நன்றி. கீயை முதல்ல நோட்டுல எழுதிட்டேன். மெமரி இன்டெக்ரிட்டி ஆன்லதான் இருந்தது. ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணினதும் லைட் எரிஞ்சுது, சாஃப்ட்வேரும் திறந்தது. ஒரு கழுத்து டிசைனை அளவு மாத்தி மெஷின்ல ஓட்டியே பார்த்துட்டேன், தையல் அப்படியே நிக்குது. டாங்கிள் கம்பெனி சைட்ல 64-பிட் டிரைவரும் இருக்கு ஜான்சி, புதுசு. பழசை எடுத்துட்டு அதைப் போட்டுட்டேன். இப்ப மெமரி இன்டெக்ரிட்டி ஆன்ல இருக்கும்போதே லைட் எரியுது. 10 போட வேண்டாம்னு கடையில சொல்லிட்டேன். இந்த டாங்கிளுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு, அதுக்கு ஏதாவது பண்ணணுமா?

லோகு_பெரம்பூர்:

சந்தோஷம் அக்கா. சாஃப்ட்வேர் செட்டப், புது டிரைவர் செட்டப் ரெண்டையும் டிசைன் ஃபைலோட சேர்த்து வெளி ஹார்ட்டிஸ்க்ல போட்டு வைங்க, நாளைக்கு கம்பெனிக்காரங்க சைட்ல இருந்து அதை நீக்கிடவும் கூடும். டாங்கிள் மேல இருக்கிற நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்குங்க. அது பழுதானா மாத்தித் தருவாங்களான்னு டீலர்கிட்ட இப்பவே கேட்டுடுங்க. பல இடத்துல பழசைக் கையில கொடுத்தாத்தான் புதுசு தருவாங்க, அதனால உடைஞ்சாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. லேப்டாப்ல நேராச் சொருகாம ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள்ல சொருகுங்க. கை பட்டு இடிச்சா கேபிளோட போகும், போர்ட்டும் டாங்கிளும் தப்பிச்சுக்கும்.