விஸ்காம் சேர்ந்து நாடகம் படித்த கதை

காலேஜில் நடிப்பு படித்தவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்ததால் என் பங்குக்கு நானும். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் நடிப்புக்கென்றே ஒரு டிகிரி என்று ப்ளஸ் டூ முடித்த கையோடு தேடினால் அவ்வளவு சுலபத்தில் எதுவும் அகப்படாது. முறையாக எம்.ஏ. படிக்கலாம் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகத்துக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது அங்கேதான். 1959-லிருந்து நடக்கும் டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு ஏற்கெனவே டிகிரி, மேடை அனுபவம் எல்லாம் வேண்டும், போதாததற்கு இந்தியையும் சமாளிக்க வேண்டும். பெரம்பூரைத் தாண்டி ஹாஸ்டலுக்கே அனுப்ப மாட்டேன் என்ற வீட்டில் டெல்லியைப் பற்றி வாயைத் திறக்க முடியுமா? எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்தேன். அதில் நாடகம் என்று ஒரே ஒரு பேப்பர். மீதி எல்லாம் வகுப்பு முடிந்து, வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை காலேஜ் நாடகக் குழுவில் கற்றதுதான்.

நாடகத்துக்கு வெளியிலிருந்து ஒரு சார் வருவார். முதல் வகுப்பில் எங்களில் ஒருவன் ரொம்ப ஆர்வமாக "அழுது காட்டட்டுமா சார்?" என்று கேட்டான். அவர், "அதெல்லாம் அப்புறம். அந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து இங்க வை" என்றார். வைத்தான். "இல்ல, மறுபடி." மறுபடியும் வைத்தான். அன்று முழுக்க இதுதான் நடந்தது. எங்களில் யாராலும் ஒரு ஸ்டூலைத் தூக்கி ஒழுங்காக வைக்க முடியவில்லை என்றால் நம்புவீர்களா? ஒருத்தன் ரொம்பக் கனமாக இருப்பதுபோல் முனகுகிறான், ஒருத்தி வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்கிறாள், நான் ஏதோ சோகத்தில் இருப்பவள்போல் மெதுவாக வைத்தேன். "ஸ்டூல் ஏம்மா உன்ன அழ வெச்சுது?" என்று கேட்டார், வகுப்பே சிரித்தது. டயலாக் என்று ஒரு வரியைக் கையில் கொடுக்கவே அந்த மனிதருக்குப் பல வாரம் ஆனது.

கொடுத்த பிறகும் நிம்மதி இல்லை. எங்கள் மைதானத்துக்குப் பின்னால்தான் எலக்ட்ரிக் ட்ரெயின் லைன். ஒரு கோடியில் எங்களை நிறுத்திவிட்டு மறு கோடியில் போய் அவர் உட்கார்ந்துகொள்வார். ட்ரெயின் போகும்போதும் வரி அவருக்குக் கேட்க வேண்டும், ஆனால் கத்தக் கூடாது. கத்தாமல் எப்படி என்றால், பேச்சில் நாம் வார்த்தையின் கடைசி எழுத்தைப் பாதி விழுங்கிவிடுகிறோம். வீட்டில் பேசும்போது வந்தான், வந்தாள் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாயிலிருந்து வருகிறது, எதிரில் இருப்பவருக்கு யாரென்று தெரியும் என்பதால் பிரச்சினையில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியா? கொலை செய்தது அவனா அவளா என்று தெரியாமல் வீட்டுக்குப் போவார். அந்தக் கடைசி எழுத்தை முடித்துவிட்டு மூச்சு விட்டாலே பாதிக் குரல் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஒருமுறை மைக் இல்லாமல் போட்டோம், 1896-ல் கட்டிய கட்டடம், ஆட்கள் வளைவாக உட்கார்ந்திருப்பார்கள், அங்கே அது நன்றாகவே வேலை செய்தது.

நான் மறக்கவே முடியாத ஆள் என்றால் அது சார் இல்லை, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து பயிற்சிப் பட்டறைக்கு வந்த தெருக்கூத்து வாத்தியார். தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வயதானவர், வெற்றிலை போட்ட வாய், பெண் வேஷக்காரர். வாழ்நாள் பூராவும் திரௌபதி கட்டியவர். எங்களுக்குத் துகில், அதாவது திரௌபதி துகிலுரியும் கூத்து, கொஞ்சம் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு, எனக்குத் திரௌபதி. ஒரு பெண்ணுக்குப் பெண் வேஷம் எப்படிக் கட்டுவது என்று ஓர் ஆண் சொல்லிக்கொடுத்தார், அதில் அவருக்கோ எனக்கோ எந்தச் சங்கடமும் இல்லை. சலங்கையை வெறும் காலில் கட்டப் போனேன், "ஏம்மா, தோலு உரிஞ்சி பூடும்" என்று பிடுங்கி, பழைய வேட்டியைக் கிழித்துக் கணுக்காலில் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் அவரே கட்டிவிட்டார். குதித்தால் சலங்கை இறங்கக் கூடாது, ஆனால் ரத்தம் ஓடவும் வேண்டும், விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அப்புறம் இரண்டு பேர் திரை பிடித்தார்கள். கூத்தில் வேஷம் சட்டென்று வந்து நிற்காது. திரைக்குப் பின்னால் நின்று பாட வேண்டும், கூத்தை நடத்திக்கொண்டு போகும் கோமாளியான கட்டியங்காரன் யார் வருவது என்று விசாரிப்பான், அதுவரை ஜனத்துக்கு உங்கள் காலும் கிரீடத்தின் நுனியும்தான் தெரியும். நான் முதல் அடியிலேயே உயிரைக் கொடுத்துக் கத்தினேன். நிறுத்தச் சொன்னார். "ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சா விடியறவரைக்கும் ஆட்டம். மொத ஜாமத்துலயே எல்லாத்தையும் தீத்துட்டா விடியக்காலைல அழுவறதுக்கு இன்னா இருக்கும்?"

எங்கள் வகுப்பில் புத்தகம் நிறையப் படிக்கிற பையன் ஒருவன், நடிப்புப் பயிற்சி பற்றி எழுதிய ரஷ்யர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைக் கரைத்துக் குடித்தவன், அவரிடம் பவ்யமாகக் கேட்டான்: "துகில்ல நீங்க அழும்போது உள்ளுக்குள்ள என்ன நெனச்சுப்பீங்க ஐயா?" அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அடுத்த அடவு இன்னான்னு நெனப்பேன்" என்றார். அடவு என்றால் ஆட்டத்தின் கால் அடி. கேட்ட பையன் ஏமாந்துபோனான். ஆனால் அன்று சாயங்காலம் அவர் வேஷமில்லாமல், வெறும் லுங்கியில், ஹார்மோனியச் சுதியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடியபோது வராண்டாவில் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு அழுதார். உணர்ச்சி முதலில், உடம்பு பிறகு என்று எழுதியிருக்கும் எதைப் படித்தாலும் எனக்கு இப்போதும் சந்தேகம் வருகிறது.

சபா நாடகத்தை மட்டமாகப் பேசுவது எங்கள் குழுவில் ஒரு ஃபேஷன், தொங்குகிற மைக்குக்குக் கீழே போய் நின்று ஜோக் சொல்வார்கள் என்று. சபா கேன்டீனில் அப்படிப்பட்ட பழைய நடிகர் ஒருவரோடு காபி குடிக்க நேர்ந்தது. சிரிப்பு வந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் சார் என்று கேட்டேன். "முழுசா அடங்கற வரைக்கும் நின்னா போச்சு, ஹால் செத்துடும். ஏறி, இறங்க ஆரம்பிக்கும் பாரு, பாதி இறங்கறப்ப அடுத்த வரியை எடு" என்றார். டேபிளில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். மட்டம் என்று சொன்ன எங்கள் ஆட்கள் யாருக்கும் இது தெரியாது.

இன்னொரு தகவல், சின்னப் பிள்ளைகளுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். 1954-ல் வந்த ஒரு தமிழ்நாட்டுச் சட்டம் இருந்தது, நாடகம் போடும்முன் ஸ்கிரிப்டைப் போலீசிடம் காட்டச் சொல்லும். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் ந. முத்துசாமி வழக்குப் போட்டு, 2013-ல்தான் உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. கூத்துப்பட்டறை அவர் 1977-ல் ஆரம்பித்த இடம். அங்கே சேர்ந்தால் சினிமா சான்ஸ் வருமா என்று கேட்பவர்களுக்கு: பசுபதி அங்கிருந்து வந்தவர்தான், விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே கவனித்தவர்தான். ஆனால் அங்கே பயிற்சி எடுத்துவிட்டு நாடகத்திலேயே இருப்பவர்களும் ஏராளம், அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஆடிஷன் அனுபவம் தனிக் கொடுமை. சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை, செவ்வாய்க்கிழமை மதியம், ஃபேன் ஓடவில்லை, பெயர் கேட்பதற்குள் "அழுங்க" என்றார்கள். எதற்கு அழுகிறேன், யார் செத்தது என்று கேட்டேன், "சும்மா அழுங்க மேடம்" என்றார் அந்தத் தம்பி. அழுதேன். சுதி பிடித்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, வாத்தியார் சொன்ன மாதிரியே. "சூப்பர், சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், அனுப்பவில்லை. பணம் கட்டினால் சான்ஸ் என்று சொல்லும் இடங்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என் தோழி ஒருத்தி கட்டினாள், ஒரு போர்ட்ஃபோலியோ ஆல்பம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இப்போது ஸ்கூல்களில் நாடக வகுப்பு எடுக்கிறேன், வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு, மே மாதம் வருமானம் கிடையாது. வார இறுதியில் குழுவோடு நாடகம், அதில் கைக்காசுதான் போகும், பெரும்பாலும் லைட் வாடகைக்கு.

மேடை பயம் படித்தால் போய்விடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குப் போகவில்லை. சாருக்கும் போகவில்லை, இன்றைக்கும் நாடகம் தொடங்கும் மூன்றாவது மணி அடிக்கும்போது அவரைத் தேடினால் பாத்ரூமில்தான் இருப்பார்.