பத்து மாவுங் படகுத்துறைத் தூண்: ஸ்லாக், ஃப்ளை ஆஷ், செம்பனைச் சாம்பல், எது சரி?

பினாங்கு சைட்:
பத்து மாவுங்கில் சின்னப் படகுத்துறைக்குத் தூண் வார்க்கணும். அலை ஏறி இறங்கும் இடம், கான்கிரீட் வலிமை கிரேடு 40. வெறும் சிமெண்டு போட்டால் உப்பு இறங்கிக் கம்பி துருப்பிடிச்சிடும். ரெடிமிக்ஸ் பிளாண்டில் ஸ்லாக் (இரும்பு உலைக் கசடுத் தூள்), ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) ரெண்டும் இருக்கு. நிபோங் திபால் பக்கம் செம்பனை ஆலைச் சாம்பலும் கிடைக்குது. சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலா எதை, எவ்வளவு போடலாம்?

கலவைக்காரன்:
இந்த இடத்துக்கு ஸ்லாக்தான், பாதிக்குப் பாதி. ஒரு கன மீட்டருக்கு சிமெண்டு 200 கிலோ, ஸ்லாக் 200 கிலோ, தண்ணீர் 160 லிட்டர். இதை வைத்து டிரையல் மிக்ஸ் போட்டுப் பாருங்க. இளக்கம் போதவில்லை என்றால் சூப்பர் பிளாஸ்டிசைசரை (கலவையை இளக்கும் திரவம்) கூட்டுங்க, தண்ணீரைக் கூட்டாதீங்க. லாரி ஓட்டுநர் சைட்டில் கன மீட்டருக்கு 10 லிட்டர் ஊற்றினாலே, சிமெண்டு, ஸ்லாக் மொத்த எடைக்குத் தண்ணீர் விகிதம் 0.40இலிருந்து 0.425 ஆகிடும்.

சிமெண்டு இறுகும்போது மிஞ்சும் சுண்ணாம்பை ஸ்லாக் எடுத்துக்கொண்டு கூடுதல் பசையாக்கும். துளைகள் அடைபடும். அதிலுள்ள அலுமினா உப்பின் குளோரைடையும் கொஞ்சம் கட்டிப்போடும். ஃப்ளை ஆஷும் நல்லதுதான், 30 சதவீதம் வரை. ஆனால் வலிமை இன்னும் மெதுவாக ஏறும்.

முக்கியமா ஒன்று: பிளாண்ட் சைலோவில் இருப்பது ஏற்கெனவே கலப்புச் சிமெண்டா என்று கேளுங்க. செம் 3/ஏ வகையில் 36 முதல் 65 சதவீதம் ஸ்லாக் உள்ளேயே இருக்கும். அதோடு பாதிக்குப் பாதி ஸ்லாக் சேர்த்தால் மொத்தம் எண்பது சதவீதத்தைக்கூடத் தாண்டலாம். வலிமை ரொம்ப மெதுவாகத்தான் ஏறும்.

பினாங்கு சைட்:
நன்றிங்க. ஏழாம் நாள் கியூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி) வலிமை குறைவா வந்தா கன்சல்டண்ட் நிறுத்தச் சொல்வாரே?

கியூரிங் முதலில்:
குறைவாத்தான் வரும். அதனால வார்க்கும் முன்பே 56ஆம் நாள் வலிமையையும் ஏற்பதாக எழுதி வாங்கிடுங்க. 7, 28, 56 மூன்றுக்கும் கியூப் எடுங்க.

கலவையைவிட கியூரிங்கில்தான் (வார்த்த கான்கிரீட்டை ஈரமாக வைப்பதில்) இந்த வேலை கெடுது. ஸ்லாக் மெதுவா வேலை செய்வதால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்தால் கவர் (கம்பியை மூடும் வெளிக் கான்கிரீட்) முழுக்க ஓட்டையாகவே நின்னுடும், கியூப் மட்டும் பாஸாகும். அச்சுப் பலகையை 7 நாள் கழற்றாதீங்க. அலையிலிருந்தும் அதுவே காக்கும். பிறகு ஈரக் கோணி, மேலே பிளாஸ்டிக், இன்னொரு வாரம். நல்ல தண்ணீர்தான், கடல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கவர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கவர் பிளாக்கும் அதே தரக் கான்கிரீட்டில். கட்டுக்கம்பி முனையை உள்பக்கம் மடக்குங்க, வெளியே நீட்டினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பலகை கழற்றியதும் உடைந்த மூலையில் பச்சை நீலம் தெரிந்தால் பயப்படாதீங்க. ஸ்லாக்கின் நிறம் அது, காற்றுப் பட்டால் போயிடும்.

செம்பனைச் சாம்பல்:
ஆலையில் மூட்டை கட்டித் தரும் சாம்பலை அப்படியே தூணில் போடாதீங்க. எரியாத கரி இருக்கும், துகள் பெரிசு, துளை அதிகம். தண்ணீரையும் பிளாஸ்டிசைசரையும் குடிச்சிடும். சலித்து 45 மைக்ரானுக்குக் கீழே அரைத்தால்தான் சிமெண்டில் 20 சதவீதம் மாற்றலாம். ஆலைக்கு ஆலை, கொதிகலனின் சூட்டுக்கு ஏற்ப, தரம் மாறும். வருகிற ஒவ்வொரு லோடுக்கும் கரி அளவைச் சோதிக்க வசதி இல்லைன்னா நடைபாதைக் கல் போன்ற கம்பியில்லா வேலைக்கு வைச்சுக்குங்க.