ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் நிலக்காட்சியை விட்டு எழுத்துருக்களுக்குச் சென்றது ஏன்?

கேள்வி:
பணிக்கரின் தொடக்ககால நீர்வண்ண ஓவியங்களில் கேரளத்துத் தென்னைகளும் நீர்நிலைகளும் நிறைந்திருக்கின்றன. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையிலோ ஜாதகக் கட்டங்களை ஒத்த கோடுகளும், படித்தால் பொருள் தராத எழுத்து வரிகளுமே கேன்வாஸ் முழுவதும் இருக்கின்றன. இளம் வயதிலேயே நிலக்காட்சிகளால் பெயர் பெற்ற ஒருவர், ஐம்பதைக் கடந்தபின் இப்படித் திரும்பியதன் காரணம் என்ன?

மறுமொழி 1:
அது ஒரே தாவலில் நிகழவில்லை. இடையில், 1950களில், டச்சு ஓவியர் வான்காவின் தாக்கமும் அஜந்தா குகை ஓவியங்களின் தாக்கமும் கலந்து தெரியும் ‘தோட்டம்’ வரிசை இருக்கிறது. 1954இல் அவர் ஐரோப்பா சென்று வந்தார். பாரிஸின் நவீன ஓவியத்தைப் பின்பற்றாமலும், இந்திய மரபை மீட்க முயன்ற பழைய வங்கப் பாணிக்குள் ஒடுங்காமலும் இந்திய ஓவியன் நவீனமாக வரைவது எப்படி என்பது அவருடைய தலைமுறையையே அலைக்கழித்த கேள்வி. அந்தக் கேள்விதான் அவரை நகர்த்தியது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
கேள்வி அதுவே என்றாலும், வழி திறந்தது வேறோர் இடத்தில். கணிதக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்துகள் ஆகியவை ஒரு தாளில் அமையும் விதமே முதலில் அவரைக் கவர்ந்தது. பிறகுதான் மலையாள எழுத்தின் வளைவுகள் தம் கைக்கு இன்னும் இசைவானவை என்று கண்டார். இந்த ஓவியங்களை அருகில் நின்று பாருங்கள்: பொடியெழுத்துகள் ஏட்டுச்சுவடியைப் போல நெருக்கமாக வரிசைகட்டி ஓடுகின்றன, ஆனால் ஒரு சொல்லும் கூடிவருவதில்லை. எழுத்து அங்கே கோடாகவே நிற்கிறது. தென்னையை வரைந்த அதே கை, கோட்டின் மீதுள்ள அதே பற்றுடன் செய்த வேலை இது.

மறுமொழி 3:
சென்னை அருகே உள்ள ஓவியர் கிராமமான சோழமண்டலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோதே, 1966இல், மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் அதை நிறுவினார். பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) முதலிய கைவினைகளை விற்று அவர்கள் பிழைத்ததால், வாங்குவோரின் விருப்பத்துக்கேற்ப ஓவியம் வரைய வேண்டிய நெருக்கடி குறைந்தது. 1963இன் மாற்றத்துக்கு இது காரணமாக இருக்க முடியாது. ஆனால் 1977இல் மறையும்வரை அவர் அந்தப் பாதையிலேயே நிலைத்ததற்கு இந்தச் சூழல் துணைநின்றிருக்கும்.

எல்லா ஓவியர்களுக்கும் சிந்தனையே காரணம் என்று கொள்ளவும் கூடாது. பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. அதன்பின் அவர் வரைந்த ஜப்பானியப் பாலத்தின் ஓவியங்கள் சிலவற்றில் சிவப்பும் பழுப்பும் மேலோங்கி, பாலத்தின் உருவமே கரைந்துபோகிறது. 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பணிக்கரிடம் அத்தகைய உடற்காரணம் எதுவும் தென்படவில்லை. அவர் தேர்ந்தே மாறினார்.