தி.நகர் பெரிய கடைகள்: செக்‌ஷனில் எடுத்தது முதல் வாசல் தாண்டும் வரை

மாம்பலம் கேட்

பட்டு, ரெடிமேட், பாத்திரம், பெட்டி, பொம்மை என்று எல்லாம் ஒரே கட்டடத்தில் விற்கும் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைக் கடைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் கூட்டத்தைத்தான் சொல்கிறார்கள். கூட்டம் தெரிந்ததுதான். எந்த இடத்தில் என்ன தவறு நடக்கிறது, அதை அங்கேயே எப்படிப் பிடிப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

என் பங்குக்கு ஒன்று. பண்டிகை நாளில் கார் எடுத்து வராதீர்கள். மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்கினால் 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாலம் நேரே தி.நகர் பேருந்து நிலையம் வரை போகிறது. ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் கால் வைக்காமலே உஸ்மான் சாலைக்குப் போய்விடலாம். வார நாளில், கடை திறந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நிதானமாகப் பார்க்க முடிகிற நேரம்.

சீட்டுக் கட்டு

பெரும்பாலான சிக்கல் துணியில் இல்லை, துணி நம் கையை விட்டுப் போய்த் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. இந்தக் கடைகள் பலவற்றில் நடைமுறை இதுதான்: மாடியில் எடுத்ததை விற்பனையாளர் பார்கோடு அடித்துச் சீட்டு தருவார். துணி கூடையில் ஏறிக் கீழே டெலிவரி கவுன்டருக்குப் போய்விடும். நம்மிடம் சீட்டு மட்டும் இருக்கும். கேஷ் கவுன்டரில் பணம் கட்டி முத்திரை வாங்கி, டெலிவரியில் காட்டிப் பொருளை வாங்க வேண்டும். வாசலில் காவலாளி பில்லைப் பார்த்து ஒரு ஓட்டை போடுவார்.

இதில் தவறுகிற இடங்கள்:

ஒரே டிசைனில் மூன்று உருப்படி எடுத்தால் ஒன்றை இரண்டு தடவை அடித்துவிடுவது சாதாரணம். தொகையைப் பார்த்தால் தெரியாது. பில்லில் "எண்ணிக்கை" வரியைப் பார்த்து, கூடையில் உள்ளதை விரல் விட்டு எண்ணுங்கள்.

நான்கு மாடியில் எடுத்தால் நான்கு சீட்டு. ஒன்று கைப்பைக்குள் தங்கிவிட்டால் அந்த மூட்டை டெலிவரியில் அப்படியே கிடக்கும், கடை மூடும்போது செக்‌ஷனுக்குத் திரும்பிவிடும். சீட்டெல்லாம் ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

"இரண்டு வாங்கினால் ஒன்று" மாதிரி சலுகை மூன்றும் ஒரே பில்லில் இருந்தால்தான் விழும். அம்மா ஒரு சீட்டு, மகள் ஒரு சீட்டு என்று பிரிந்தால் கணினிக்கு அது இரண்டு வாடிக்கையாளர். சேர்த்துப் போடச் சொல்ல வேண்டியது செக்‌ஷனில். கேஷ் கவுன்டரில் இருப்பவரால் அதை மாற்ற முடியாது, அவரிடம் சண்டை போட்டுப் பயனும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் சீட்டைத் திருத்த ஒரு நிமிடம் போதும். கட்டிய பிறகு என்றால் பில்லை ரத்து செய்ய மாடி மேலாளர் கையெழுத்து வேண்டும், அட்டையில் கட்டியிருந்தால் பணம் திரும்ப நாளாகும். அதனால் துணியைக் கூடையில் போடும் முன் அதன் விலை அட்டையை போனில் படம் எடுத்து வையுங்கள். டெலிவரியில் நிறம் மாறி வந்தால், பேச வேண்டியதே இல்லை, படத்தைக் காட்டினால் போதும்.

இன்னொன்று: பில் தாள் வெப்பத்தில் அச்சாவது. பர்ஸில் வைத்தால் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே அதையும் படம் எடுங்கள்.

கணக்குப்பிள்ளை

தள்ளுபடிக் கணக்கில் ஒரு வார்த்தை. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. 1,200 ரூபாய் அட்டைக்கு 40% தள்ளுபடி என்றால் கட்ட வேண்டியது 720. அதன்மேல் 5% வரி போட்டு 756 என்று வந்தால் கேளுங்கள், அது கூடாது.

2025 செப்டம்பர் 22 முதல் தைத்த உடைக்கு, ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5%, அதைத் தாண்டினால் 18%. தைக்காத சேலை துணிக் கணக்கில் வருவதால் விலை எவ்வளவானாலும் 5%தான்.

கோர்வை

பட்டுக்கு வருகிறேன். இங்கேதான் பெரிய பணம் போகிறது.

சில்க் மார்க் அட்டை இருந்தால் இழை சுத்தமான பட்டு என்று உறுதி. ஜரிகைக்கு அந்த அட்டை பொறுப்பில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அட்டையில் ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். அட்டை சேலையோடு கோத்துக் கட்டியிருக்க வேண்டும், விற்பனையாளர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தருவதாக இருக்கக் கூடாது.

ஜரிகையை எப்படிப் பார்ப்பது? முந்தி ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றை நகத்தால் சுரண்டுங்கள். அசல் ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும், அதன்மேல்தான் வெள்ளி சுற்றிப் பொன் முலாம். வெள்ளையாகவோ செம்பு நிறமாகவோ தெரிந்தால் சாதா ஜரிகை அல்லது செம்பில் முலாம் பூசிய டெஸ்டட். டெஸ்டட் வாங்குவது தப்பில்லை, அசல் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு.

உடலும் கரையும் வேறு நிறமாக இருந்து "கோர்வை" என்று சொன்னால், சேலையைத் திருப்பி இணைப்பைப் பாருங்கள். இரண்டு நிற ஊடையும் (குறுக்கு நூல்) கோத்துக்கொள்ளும் இடம் லேசாகத் தடித்து, ரம்பப் பல் மாதிரி தெரியும். கரை நிறம் உடலுக்குள் அப்படியே ஓடியிருந்தால் அது கோர்வை இல்லை. முந்தியை உடலோடு சேர்க்கும் பெட்னியிலும் விரலை ஓட்டுங்கள், முடிச்சு வரிசை தட்டுப்படும்.

எரித்துப் பார்க்கும் சோதனையைக் கடையில் செய்ய விட மாட்டார்கள், விடவும் கூடாது. வீட்டில், மாற்றும் கெடு முடிவதற்குள், ஓர இழை ஒன்றை உருவிக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டிக் குண்டுமணியாகும்.

சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கை 80 சென்டிமீட்டர். சேலையோடு சேர்ந்தே வரும் ரன்னிங் ரவிக்கையை முழுதும் பிரித்துப் பாருங்கள், மடிப்புக்குள் தள்ளி வைத்த துண்டில்தான் கறையும் நூல் அறுந்ததும் இருக்கும். ஃபால்ஸ் அடித்து பீக்கோ போட்டால், குஞ்சம் கட்டினால், எந்தக் கடையும் மாற்றித் தராது. எனவே பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை விரித்துப் பார்த்த பிறகே தையலுக்குக் கொடுங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் மாம்பழ நிறமும் கடுகு நிறமும் ஒன்றுதான்.

இன்ச் டேப்

குழந்தை உடை: 22, 24 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனிக்கு அது உடையின் நீளம், இன்னொன்றுக்கு மார்புச் சுற்று. சரியாகப் பொருந்துகிற பழைய சட்டையை எடுத்துப்போய் மேலே வைத்துப் பாருங்கள். பாவாடை என்றால் கீழ் மடிப்பில் எத்தனை அங்குலம் உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று அங்குலம் இருந்தால் அடுத்த வருஷமும் பிரித்துப் போடலாம்.

வேட்டிக்கு முழக் கணக்கை விட்டுவிட்டு அட்டையில் அச்சான மீட்டரைப் படியுங்கள்.

ஆணைய வாசல்

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பது பழுதுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் "நிறம் பிடிக்கவில்லை" என்பது பழுதில்லை. அது கடையின் விருப்பம், அவர்கள் தருவது பெரும்பாலும் மாற்றுப் பொருள்தான், பணம் இல்லை.

பில் போட செல்போன் எண் கேட்பார்கள். தர விருப்பமில்லை என்று சொல்லலாம். எண் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியிருக்கிறது. எண் இல்லாமல் கணினி நகராது என்று கவுன்டரில் சொன்னால் மாடி மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், நகரும்.

புகார் என்றால் முதலில் தேசிய உதவி எண் 1915. எடைக் குறைவு, எம்.ஆர்.பி. மீறல் இரண்டும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் போகும்.

பேர் வெட்டுறவர்

பாத்திர செக்‌ஷனை யாரும் தொடல. சீர்வரிசைக்கு எடுக்கிறவங்களுக்குச் சொல்றேன்.

எவர்சில்வர் பல இடத்துல எடைக்குத்தான். மூடியோட நிறுத்தாங்களா தனியாவா, அட்டையும் உறையும் உள்ள இருக்கான்னு பாருங்க. தராசு பூஜ்யத்துல நிக்குதான்னு வைக்கிறதுக்கு முன்னாடியே பார்க்கணும். குடம், அண்டாவைத் தண்ணி ஊத்திப் பார்க்க முடியாது. விளக்குக்கு நேரா தூக்கிப் பிடிச்சு உள்ளே பார்த்தா ஊசி முனை ஓட்டையும் தெரியும். பித்தளைன்னா உள்ளே ஈயம் பூசியிருக்கான்னு கேளுங்க. பூசாததுல புளி வச்சா களிம்பு ஏறும்.

குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாரன்டி அட்டையில கடை முத்திரையும் தேதியும் அங்கேயே வாங்கிடுங்க.

பேர் வெட்டக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாருங்க, சொட்டை இருந்தா அப்பவே மாத்துங்க. வெட்டின பிறகு அது உங்க பாத்திரம், யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க. பேரை வாயால சொல்லாதீங்க, தாள்ல பெரிசா எழுதிக் கொடுங்க. ர, ற குழப்பம், இனிஷியல் விட்டுப்போறது, தேதி மாறுறது, எல்லாம் கூட்ட நேரத்துல நடக்கிறது. முதல் பாத்திரம் வெட்டினதும் பார்த்துட்டு அப்புறம் மத்ததுக்குத் தலையாட்டுங்க.

மாம்பலம் கேட்

நல்ல தகவல்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்கிறார்களே, சரியா?

பேர் வெட்டுறவர்

பாதிதான் சரி. 304-ங்கிற நல்ல ரக ஸ்டீல்லயும் ஒட்டாது, அதைவிட மலிவான 202 ரகத்துலயும் பெரும்பாலும் ஒட்டாது. அதனால காந்தத்தை வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது, அடியில குத்தியிருக்கிற எண்ணைப் பாருங்க. இண்டக்‌ஷன் அடுப்புக்கு வாங்கினா மட்டும் காந்தம் எடுத்துட்டுப் போங்க. அங்க அடிப்பக்கம் ஒட்டணும்.

நாற்காலி

விற்பனையாளர்களைப் பற்றியும் ஒன்று. 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றே விற்றவர்கள் இவர்கள். முப்பது சேலை விரிக்கச் சொல்வதைவிட, எந்த விலைக்குள், எந்த நிறம், யாருக்கு, முகூர்த்தத்துக்கா ரிசப்ஷனுக்கா என்று நான்கு விஷயத்தை முதலிலேயே சொன்னால், ஏழெட்டுச் சேலையில் வேலை முடியும். அடுக்கின் உள்ளே எது இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மேல் மாடிக்கு ஏறியதும் லிஃப்டைத் தேடும் முன் அவசரப் படிக்கட்டு எங்கே என்று பாருங்கள், அட்டைப்பெட்டி அடுக்கி அடைத்திருக்கிறதா என்றும். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்தது அதிகாலையில், கடை திறப்பதற்கு முன்பு.