ஆழ்கடல் குடும்பம்: ஃப்ளேர் தேதி முடிஞ்சாச்சு

ஜூலை 27, ஞாயிறு

*ரெஜி அண்ணன்:* இன்னிக்கு போட்ல சாமான் எல்லாம் சரிபார்த்தேன். போட்ட ஓட்டுற வீல்ஹவுஸ்ல, ஆபத்துன்னா எரிச்சுக் காட்டுற ஃப்ளேர் பெட்டியத் திறந்தா அத்தனையும் தேதி முடிஞ்சு கிடக்கு. ராக்கெட் நாலு, கையில பிடிக்கிறது ஆறு, புகை ரெண்டு. 31-ம் தேதி ராத்திரியோட மீன்பிடித் தடை முடியுது. புதுசு வாங்கணுமா, இதையே வச்சிட்டு போலாமா? பெரியவங்க சொல்லுங்க.

*சித்தப்பா:* வாங்க வேண்டாம்லே. பெயின்ட், வலை, இன்ஜின்னு ரெண்டு மாசமா பைசா இறங்கிட்டே இருக்கு. அமுக்கினா சாட்டிலைட் வழியா ஆபத்துன்னு சொல்ற டாட் இருக்கு, விஎச்எஃப் ரேடியோ இருக்கு, போட் எங்க நிக்குன்னு காட்டுற டிரான்ஸ்பாண்டரும் வச்சாச்சு. பிறகு என்னத்துக்கு வாணம்?

*ஸ்டெல்லா அத்தை:* ரெஜி, போட்டோ போடு. எவ்வளவு பழசுன்னு பாக்கட்டும்.

*ரெஜி அண்ணன்:* [படம்]
கையில பிடிக்கிறதுல ரெண்டுக்கு அடி மூடி துருப்பிடிச்சு இறுகிட்டு. இன்னொண்ணுல இழுக்குற நூலு உப்பு ஏறி விறைச்சு நிக்குது. தேதி 2024 மார்ச்.

*சித்தப்பா:* ஒரு வருஷம் சொச்சம்தானே. போன கிறிஸ்மஸுக்கு நம்ம தெரு பயலுவ இதைவிடப் பழசு ஒண்ண கடப்புறத்துல விட்டானுவ. ஜோரா மேல போச்சு.

*அருள் (கப்பல்):* சித்தப்பா, அது போச்சு. அடுத்தது போகுமான்னு யாரு சொல்ல முடியும்? டார்ச்ச அமுக்கிப் பாக்கலாம், விஎச்எஃப்ல பேசிப் பாக்கலாம். ஃப்ளேர சோதிக்கணும்னா எரிச்சுத்தான் பாக்கணும். எரிச்சா அது தீர்ந்துபோச்சு. அதனால நம்ம கையில இருக்கிற ஒரே உறுதி அந்தத் தேதிதான். ஈரம் ஏறின வெடிமருந்து சில நேரம் பிடிக்காது. சில நேரம் செத்த நேரம் கழிச்சு, நாம குனிஞ்சு பாக்கும்போது பிடிக்கும்.

*அருள் (கப்பல்):* எங்க கப்பல்ல, கப்பல ஓட்டுற பிரிட்ஜ்ல 12 ராக்கெட் இருக்கு. தேதி முடியுறதுக்கு முன்னயே மாத்தியாகணும், இல்லன்னா துறைமுகத்துல சோதனைக்கு வர்றவன் கப்பல விடமாட்டான். இவ்வளவு பெரிய கப்பலுக்கே அப்படின்னா, நம்ம போட்டுக்கு எவ்வளவு வேணும்னு யோசிங்க.

*சித்தப்பா:* கப்பல் கம்பெனிக்கு பைசா இருக்கு மக்களே. டாட் அமுக்கினா பெங்களூருக்குப் போயி கோஸ்ட் கார்டுக்கு வந்துரும்லா? புது டாட்ல பதிலும் வருதே.

*அருள் (கப்பல்):* வருது. 2024 ஜனவரில இஸ்ரோ அறிவிச்ச மாடல் அது. தகவல் கிடைச்சுதுன்னு கடல்ல இருக்கிற நமக்கே தெரியும், அது ரொம்ப பெரிய உதவி. டாட் கண்டிப்பா வேணும். ஆனா அந்தத் தகவல் போற வழியப் பாருங்க. சாட்டிலைட், பெங்களூரு, கோஸ்ட் கார்டு மீட்பு மையம், அங்கேருந்து கப்பலுக்கு. நமக்கு ஆறு மைல்ல ஒரு சரக்குக் கப்பல் போயிட்டிருந்தா, டாட் அமுக்கினது அந்தக் கப்பல்ல நிக்கிறவனுக்கு நேரா தெரியாது. சிவப்பு வெளிச்சம் அந்த நிமிஷமே தெரியும்.

*அருள் (கப்பல்):* ஹெலிகாப்டரே வந்தாலும், இன்ஜின் ரூம்ல தண்ணி ஏறினா பேட்டரி போயிரும், போட்ல ஒரு லைட்டும் எரியாது. ராத்திரி பெரிய அலையில தாழக் கிடக்கிற போட்ட மேலேருந்து பாத்தா நுரைக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆளுங்க தண்ணில கிடந்தா சொல்லவே வேண்டாம். எங்க கிடக்கோம்னு அப்ப காட்டுறதுக்கு கையில ஏதாவது எரியணும்.

*ஜெனி:* பெரியப்பா டைப் பண்ண முடியாதுன்னு எங்கிட்ட சொல்லுதாங்க, அப்படியே போடுறேன்: "லட்சத்தீவு கல்பேனி பக்கம் இன்ஜின் நின்னு நீரோட்டத்துல ஒழுகிக் கிடந்தோம். அப்ப டாட் எல்லாம் கிடையாது. கப்பல் வரிசையா போச்சு, ஒருத்தனும் திரும்பல. பழைய கம்பளிய டீசல்ல முக்கி டின்னுல போட்டு கொளுத்தினோம். அதப் பாத்துத்தான் ஒரு கப்பல் வேகத்தக் குறைச்சுது."

*சித்தப்பா:* அதத்தான் நானும் சொல்லுதேன். டீசலும் துணியும் போதும்.

*அருள் (கப்பல்):* பெரியப்பா செஞ்சது சரியான சிக்னல்தான். டின்னுல நெருப்பு கொளுத்திக் காட்டுறது கடல் போக்குவரத்து விதியிலயே ஆபத்து அடையாளமா இருக்கு. ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சு மெல்ல மேல கீழ ஆட்டுறதும் இருக்கு. ஆனா இப்ப நம்ம போட்ல பாதிக்கு மேல ஃபைபர். தெர்மோகோல், டீசல் கேன் எல்லாம் டெக்குலயே கிடக்கு. மழையும் காத்துமா இருக்கும்போது அதுல டின்னு கொளுத்த முடியுமா?

*ஜெனி:* எஸ்ஓஎஸ் மின்னுற எல்இடி லைட் இருக்கே? அமெரிக்க கோஸ்ட் கார்டு சின்ன படகுக்கு ராத்திரி ஃப்ளேருக்குப் பதிலா அத ஏத்துக்கிறாங்கன்னு படிச்சேன். பகலுக்கு ஆரஞ்சு கொடி வைக்கணுமாம். அதுக்கு மருந்துத் தேதி இல்ல, பேட்டரி மாத்தினா போதும்.

*அருள் (கப்பல்):* நல்ல பொருள்தான் ஜெனி, கூடுதலா ஒண்ணு வைக்கலாம். ஆனா அரபிக்கடல்ல ராத்திரி பிரிட்ஜ்ல நின்னு பாத்தா எனக்கு என்ன தெரியும்னு சொல்றேன். மீன்பிடி போட்டுவளோட எல்இடி வெள்ளையா, பச்சையா கண்ணக் கூசும். நடுவுல வலைக்கு கட்டின லைட் நூறு மின்னிட்டே கிடக்கும். அதுக்குள்ள இன்னொரு வெள்ளை லைட் மின்னினா வலைன்னுதான் நினைப்பேன். விலகிப் போவேன். சிவப்பா 300 மீட்டர் மேல போயி, பாராசூட்ல தொங்கி, 40 செகண்ட் எரிஞ்சிட்டே இறங்குறத எந்த அதிகாரியும் வலைன்னு நினைக்க மாட்டான். கேப்டன எழுப்பியே ஆகணும்.

*ரெஜி அண்ணன்:* கையில பிடிக்கிறது எவ்வளவு தூரம் தெரியும்?

*அருள் (கப்பல்):* உயரம் இல்லாததால கொஞ்ச தூரம்தான். ஒரு நிமிஷம் எரியும். அதனால ராக்கெட்ட முதல்ல, தூரத்துல கப்பல் லைட்டு கண்டா விடணும். திரும்பி வர்றான்னு தெரிஞ்ச பிறகு கையில பிடிக்கிறத எடுக்கணும், அப்ப அவன் நேரா நம்மகிட்ட வருவான். பகல்ல ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா புகை. பயத்துல எல்லாத்தையும் முதல் பத்து நிமிஷத்துல விட்டுத் தீத்துராதீங்க. மேகம் தாழ இருந்தா ராக்கெட்ட நேரா விடாம காத்து போற பக்கமா சாய்ச்சு விடணும், இல்லன்னா மேகத்துக்குள்ள போயி மறைஞ்சிரும்.

*டோனி:* மாமா பழசு எல்லாம் எங்கிட்ட தாங்க, கோயில் திருவிழாவுக்கு விடுறோம் 🔥🔥

*அருள் (கப்பல்):* டோனி, கூடவே கூடாது. ஆபத்து இல்லாம அத விடுறதுக்கு விதியிலயே தடை இருக்கு. கரையில சிவப்பு வெளிச்சம் கண்டா எவனோ முங்குறான்னு தேட ஆள் கிளம்பும். அந்த நேரம் நிஜமா ஒருத்தன் எங்கயாவது தவிச்சிட்டு இருந்தா? ராக்கெட் காத்துல திரும்பி வலைக் கொட்டாய்ல விழுந்தாலும் அவ்வளவுதான்.

*டோனி:* சரி மாமா.

*சித்தப்பா:* எல்லாம் சரி. ஹார்பர்ல ஒருத்தன் பாதி விலைக்கு தாரேன்னு நிக்கான். உடைக்கப் போன கப்பல் சாமானாம். அத வாங்கிக்கலாமே?

*ரெஜி அண்ணன்:* நான் பாத்தேன் சித்தப்பா. குழாய்ல தேதி இருக்கிற இடத்த உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கான். அதுக்கு நம்ம பழசே மேல்.

*ஸ்டெல்லா அத்தை:* இவ்வளவு நேரம் பேசாம இருந்தேன். ஒக்கி புயல்ல கேனப் பிடிச்சிட்டு கடல்ல கிடந்து திரும்பி வந்தவங்க இந்த ஊருலயே இருக்காங்க. திரும்பாதவங்க வீட்டுல ஒண்ணுல நான் இருக்கேன். அத்தனை நாளு கடப்புறத்துல நின்னோம், எங்க தேடணும்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒரு ட்ரிப்புக்கு டீசலும் ஐஸும் லட்சக்கணக்குல போடுறீங்க. மூணு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துற பெட்டிக்கு இவ்வளவு கணக்கு பாக்குறத கேக்க எனக்கு வயிறு எரியுது. வாங்குங்க.

*பெரியம்மா:* ஸ்டெல்லா சொல்றதுதான் சரி.

*ரெஜி அண்ணன்:* வாங்குறேன் அத்தை. மச்சான் கொச்சிலதான் நிக்கான், பஸ்ல கொண்டு வரச் சொல்லட்டா?

*அருள் (கப்பல்):* பஸ்லயும் வேண்டாம், ரயில்லயும் வேண்டாம். வெடிமருந்து அது. லைசென்ஸ் உள்ள கடையில வாங்கி, அவங்களே கொண்டு வந்து தாராங்களான்னு கேளுங்க. பில்லுல தயாரிச்ச மாசம் எழுதச் சொல்லுங்க. கடையில ஒரு வருஷம் கிடந்தத நம்ம தலையில கட்டிட்டா மூணு வருஷம் ரெண்டாயிரும். பழசத் திரும்ப எடுப்பாங்களான்னும் கேளுங்க. எடுக்கலன்னா கடலோரக் காவல் குழுமத்துல கேட்டுப் பாருங்க. கடல்லயோ குப்பையிலயோ போட்டுராதீங்க. அதுவரை காஞ்ச பெட்டில, புதுசோட கலக்காம, தனியா இருக்கட்டும்.

*ரெஜி அண்ணன்:* புதுச எங்க வைக்க? வீல்ஹவுஸ் கூரைக்கு கீழ சூடு ஏறுது.

*அருள் (கப்பல்):* மூடி இறுக்கமா உள்ள நீல டிரம்முல, கதவு பக்கத்துல. போட் சாயும்போது கைக்கு எட்டணும். டாட்டும் அது கூடவே. நம்ம போட்ல ஒடிசா, வங்காளத்து பிள்ளைங்க இருக்காங்கல்லா, அவங்களுக்கு தமிழும் தெரியாது, குழாய்ல உள்ள இங்கிலீஷும் தெரியாது. குழாய்ல உள்ள படத்தக் காட்டிச் சொல்லிக் குடுங்க. எந்த முனை மேல, எந்த மூடிய முதல்ல திருகணும், நூல எப்படி இழுக்கணும். காத்து அடிச்சிட்டுப் போற பக்கமா கைய நீட்டி, போட்டுக்கு வெளிய பிடிக்கணும். உருகி சொட்டுறது டெக்குல விழக்கூடாது.

*ஜெனி:* ஹிந்தில நான் எழுதித் தாரேன். ஒடியாவுக்கு ஆள் கிடைச்சா நல்லது.

*ரெஜி அண்ணன்:* நாளைக்கு காலைல கடைக்காரர்கிட்ட பேசுறேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு எல்லா தொழிலாளியும் போட்ல இருக்கணும். அருள், நெட் கிடைச்சா வீடியோ கால்ல வா. வேற யாருக்கெல்லாம் செட்டு வேணும்? சேர்த்து எடுத்தா விலை பேசலாம்.

*மச்சான்:* எனக்கு ஒண்ணு.

*சித்தப்பா:* எனக்கும் ஒண்ணு போடு. கையில பிடிக்கிறது மட்டும் எட்டா போடு.